விளக்குத் திரி: திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துப் பூஜைக் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் ஓயாமல் காதில் விழுகிற சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறோம். எண்ணெய்க்கு எவ்வளவு விலை என்றாலும் யோசித்து வாங்குகிறவர்கள், திரியைக் கையில் கிடைத்த பாக்கெட்டாக வாங்கிவிடுகிறார்கள். விளக்கு ஒழுங்காக எரியாததற்குப் பாதிக்கு மேல் காரணம் திரிதான்.

திரிதானே எரியுது? அப்புறம் அதை எதுல செஞ்சா இன்னா?

எரிவது திரி இல்லை, எண்ணெய். பஞ்சின் இழைகளுக்கு நடுவே இருக்கிற மெல்லிய இடைவெளிகள் வழியாக எண்ணெய் தானே மேலே ஏறுகிறது. நுனியில் சுடரின் சூட்டில் ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது. எண்ணெய் ஓயாமல் வந்துகொண்டிருக்கும்வரை அது நுனியைக் குளிரவைத்துக் காப்பாற்றும். வரத்து குறைந்தால் பஞ்சே எரிய ஆரம்பித்துக் கருகும்.

ஆகவே திரியை விறகாக நினைக்காமல் குழாயாக நினையுங்கள். கீழே வருகிற பதில்களில் பலவும் இந்த ஒரு விஷயத்துக்குத்தான் திரும்பி வரும்.

பஞ்சுத் திரி, நூல் திரி, பூத்திரின்னு கடைல மூணு வெச்சிருக்காங்க. எதை வாங்கறது?

தினமும் ஏற்றுகிற காமாட்சி விளக்குக்கும் அகலுக்கும் கையால் திரித்த பஞ்சுத் திரி. இழைகள் தளர்வாக இருப்பதால் எண்ணெய் தாராளமாக ஏறும். நூல் திரி என்பது ஆலை நூலைப் பல இழை சேர்த்து வெட்டியது. தடிமன் ஒரே சீராக இருக்கும், நிமிர்ந்து நிற்கும். ஆனால் நூலிலேயே முறுக்கு இறுகி இருப்பதால் வரத்து கொஞ்சம் மட்டு. நல்லெண்ணெய் போட்ட குத்துவிளக்குக்கு நன்றாகவே உழைக்கும். கெட்டியான எண்ணெய்க்குத்தான் திணறும்.

பூத்திரி என்பது அடியில் பூப்போலப் பரந்து, நடுவில் காம்பு நிற்கிற திரி. சிலர் குண்டுத் திரி என்பார்கள். அது நெய்க்கு. அடிப்பஞ்சு நெய்யைப் பிடித்து வைத்துக்கொண்டு காம்புக்கு அனுப்பும். ஆழமான குத்துவிளக்கு முகத்தில் பூத்திரி வைத்து எண்ணெய் ஊற்றினால் காம்பே மூழ்கிப்போகும்.

மெடிக்கல் ஷாப் பஞ்சு வெள்ளையா சுத்தமா இருக்கு. அதுலயே திரிச்சா நல்லதுதானே?

கெடுதல் இல்லை, தேவையும் இல்லை. செடியிலிருந்து வரும் பஞ்சின் ஒவ்வோர் இழையின் மேலும் இயற்கையாக ஒரு மெழுகுப் பூச்சு இருக்கிறது. எடையில் 1 சதவீதம்கூட வராது, ஆனால் தண்ணீரை ஒட்டவிடாது. மருந்துக் கடைப் பஞ்சை காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, அந்த மெழுகை எடுத்துவிடுகிறார்கள். ரத்தத்தையும் மருந்தையும் உறிஞ்ச அது வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மருந்துப் பஞ்சு 10 விநாடிக்குள் மூழ்கும். மெழுகு எடுக்காத நாட்டுப் பஞ்சு மிதந்துகொண்டே கிடக்கும்.

மெழுகுக்கும் எண்ணெய்க்கும் பகை கிடையாது. எண்ணெய் நாட்டுப் பஞ்சில் தாராளமாக ஏறும். போதாததற்கு மெழுகு போன பஞ்சு தண்ணீர் பட்டால் சட்டென்று குடித்துவிடும். விளக்குத் திரிக்கு அது வேண்டாத வேலை. கொட்டை எடுத்த பஞ்சு பார்க் டவுன் ராசப்ப செட்டித் தெரு மாதிரி நாட்டு மருந்துக் கடைகள் இருக்கிற இடத்தில் கேட்டால் கிடைக்கும்.

பழைய தலகாணில இலவம்பஞ்சு நிறைய கெடக்கு. அதுல திரிக்கலாமா?

வேண்டாம். இலவம்பஞ்சு இழை உள்ளே வெற்றுக் குழல், மேலே வழுவழுப்பு. அந்தக் குழலுக்குள் இருக்கிற காற்றால்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிக்குள் அதை அடைத்தார்கள். முறுக்கினால் இழையோடு இழை பிடிக்காமல் பிரிந்துகொண்டே வரும். காய்ந்த நுனியில் நெருப்புப் பட்டால் குப்பென்று பற்றும். தலையணைக்குள்ளேயே இருக்கட்டும்.

பாக்கெட்ல நூறு சதவீதம் காட்டன்னு போட்டிருக்கு. நம்பலாமா?

எரித்துப் பார்த்துவிடுங்கள். எண்ணெய் தொடாத ஒரு திரியை இடுக்கியில் பிடித்து, கிண்ணத்துக்கு மேலாகப் பற்றவையுங்கள். பருத்தியானால் காகிதம் எரிகிற வாசனை வரும், அணைத்த பிறகும் நுனியில் கங்கு கொஞ்ச நேரம் நகரும், சாம்பலை விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். பாலியஸ்டர் கலந்திருந்தால் நுனி சுருங்கி உருகும், கருப்புப் புகை வரும், ஆறியதும் குண்டூசித் தலைபோல ஒரு கெட்டி மணி மிஞ்சும். அந்த உருகல் திரியின் வாயை அடைத்துவிடும்.

மெக்கானிக் கடையில் கை துடைக்கிற பனியன் வேஸ்ட்டைத் திரித்துப் பார்க்கிறவர்களும் உண்டு. அதில் எந்த நூல் எது கலந்தது என்று யாருக்கும் தெரியாது.

கையால எப்படித்தான் திரிக்கறது? எனக்கு நடுவுல புடைச்சுக்குது, ஓரத்துல மெலிஞ்சுடுது.

முதலில் பஞ்சைப் பிய்த்து கொட்டைத் துணுக்கு, இலைத் தூசி, கட்டி எல்லாவற்றையும் பொறுக்குங்கள். ஒரு கட்டி மிஞ்சினாலும் அந்த இடத்தில் எண்ணெய் திக்கும். பிறகு ஒரு நெல்லிக்காய் அளவு பஞ்சை இரு கைகளாலும் மெல்ல இழுத்து, பிரித்து, மறுபடி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இழுங்கள். ஐந்தாறு தடவை செய்தால் இழைகள் ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்ளும். புடைப்பும் மெலிவும் வருவது இந்த வேலையை அவசரமாக முடிப்பதால்தான், முறுக்கத் தெரியாததால் இல்லை.

பருத்தி இழை ஒன்றின் நீளம் 25 முதல் 30 மில்லிமீட்டர் வாக்கில். அதனால் முறுக்கு இல்லாமல் திரி நிற்காது. விரல் நுனியில் கொஞ்சம் விபூதி தொட்டுக்கொண்டு, பஞ்சை உள்ளங்கைக்கும் தொடைக்கும் நடுவே அல்லது இரு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரே திசையில் உருட்டுங்கள். ஒன்றரைச் சாண் நீளம் வந்ததும் பாதியாக மடித்து, இரண்டு கால்களையும் எதிர்த்திசையில் ஒன்றோடொன்று முறுக்குங்கள். இந்த இரட்டைப் புரிதான் பிரியாமல் பிடித்து நிற்கும்.

எவ்வளவு முறுக்கு? திரியை நடுவில் பிடித்து இரு முனைகளையும் ஒன்றையொன்று நோக்கித் தள்ளுங்கள். லேசாக வளைந்தால் சரி. சுருண்டு பின்னிக்கொண்டால் முறுக்கு கூடிப்போச்சு. நடுவில் உப்பிப் பிரிந்தால் போதவில்லை.

எவ்ளோ நீளம், எவ்ளோ தடிப்பு வெக்கணும்?

அகலுக்கு 7, 8 சென்டிமீட்டர் நீளம், தீக்குச்சித் தடிமன். குத்துவிளக்கு முகத்துக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர், தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிப்பு. பலரும் இரண்டு மெல்லிய திரிகளைச் சேர்த்துப் போடுகிறார்கள். சாஸ்திரத்துக்காக என்று சொன்னாலும் அதில் ஒரு கைத்தொழில் நியாயம் உண்டு: இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியிலும் எண்ணெய் ஏறும்.

நீளம் என்பது எண்ணெய்க்குள் படுத்திருக்கிற வால்தான். வால் நீளமாக இருந்தால் எண்ணெய் அடிமட்டம் போனாலும் எட்டும். சுடரின் உயரத்தைத் தீர்மானிப்பது விளிம்புக்கு வெளியே நீட்டிய நுனி. அது ஒரு பாசிப்பயறு அளவு, அதாவது 3, 4 மில்லிமீட்டர் போதும்.

திரியை எண்ணெய்ல எவ்ளோ நேரம் ஊறப் போடணும்?

நல்லெண்ணெயில் பத்து நிமிடம். முழுத் திரியையும் அமிழ்த்தி, விரலால் ஒருமுறை அழுத்திக் காற்றுக் குமிழியை வெளியேற்றிவிட்டு விடுங்கள். பிறகு நுனியை மட்டும் இரு விரலால் வழித்துக் கூராக்குங்கள். நுனியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தால் பற்ற மறுக்கும். அவசரத்துக்கு ஒரு துளி கற்பூரத் தூளை நுனியில் தேய்த்தால் உடனே பிடித்துக்கொள்ளும்.

உலர்ந்த திரியைப் போட்ட கையோடு பற்றவைத்தால் எண்ணெய் மேலே வருவதற்குள் நுனி கருகிவிடும். அதன் பிறகு எண்ணெய் வந்தும் பயனில்லை, வாசல் அடைபட்டாச்சு.

ஏத்தி அஞ்சு நிமிஷம்கூட ஆகல, நுனில கரி கட்டி சுடர் குட்டியாயிடுது. என்ன பண்றது?

எப்போது கரி கட்டுகிறது என்று பாருங்கள், காரணம் அதிலேயே தெரியும்.

ஏற்றிய உடனே என்றால் திரி ஊறவில்லை (முந்தைய பதில்) அல்லது முறுக்கு இறுகிவிட்டது. தூண்டுகோலால் திரியை ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்து, கரித்த பகுதியைக் கிள்ளிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். புது நுனியும் அதே வேகத்தில் கருகினால் முறுக்குதான் குற்றவாளி. வேறு திரி போடுங்கள். அரை மணி நன்றாக எரிந்து பிறகு மங்கினால் எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கும். மட்டம் இறங்க இறங்க எண்ணெய் ஏறவேண்டிய உயரம் கூடுகிறது. முகத்தின் விளிம்புக்கு அரை விரல் கீழேயே மட்டம் இருக்கும்படி அவ்வப்போது ஊற்றுங்கள்.

நாலைந்து நாள் சரியாக எரிந்து பிறகு தினமும் மங்குகிறதா? விளக்கின் அடியைத் தொட்டுப் பாருங்கள், பிசின்போல ஒட்டும். பழைய எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டியாகி, குங்குமம், ஊதுவத்திச் சாம்பல், பூவிதழ் எல்லாம் கலந்து உறைந்திருக்கும். புதுத் திரியை அதில் போட்டால் முதல் நாளே அடைபடும். பித்தளையானால் சூடான தண்ணீரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்து, ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் துடைத்து, பிறகு எண்ணெய் ஊற்றுங்கள்.

மழைக்காலத்துல படபடன்னு பொரியுது. பயமா இருக்கு.

திரியிலோ எண்ணெயிலோ தண்ணீர். சுடருக்குப் பக்கத்தில் எண்ணெயின் சூடு 100 டிகிரியைத் தாண்டும், அங்கே வந்து சேர்கிற நீர்த்துளி ஆவியாகி வெடிக்கும். பருத்தி சும்மா இருக்கும்போதே ஈரம் பிடிக்கிற பொருள். காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருந்தால் உலர்ந்த எடையில் 8.5 சதவீத அளவுக்குத் தண்ணீரை வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மாதத்துக் காசிமேட்டுக் காற்றில் அதற்கும் மேல்.

திரியை மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். நமுத்துப் போயிருந்தால் இட்லி சுட்டு இறக்கிய அடுப்புப் பக்கம் ஒரு தட்டில் பரப்பி வைத்தால் ஒரு மணி நேரத்தில் காயும், நெருப்பு பக்கத்தில் எரிந்துகொண்டிருக்கக் கூடாது. புது மண் அகலும் இதே வேலையைச் செய்யும். எண்ணெயைக் குடிக்காமல் இருக்க அகலைத் தண்ணீரில் ஊறவைப்பது நல்ல பழக்கம், ஆனால் முந்தின நாளே ஊறவைத்து நிழலில் உலர்த்திவிடுங்கள். சாயங்காலம் ஊறவைத்து சாயங்காலமே ஏற்றினால் பொரியத்தான் செய்யும்.

பூஜை ரூம் சுவரெல்லாம் கரி. எண்ணெய் மட்டமா?

எண்ணெயைத் திட்டுவதற்கு முன் நுனியைப் பாருங்கள். பாசிப்பயறு அளவைத் தாண்டி வெளியே நீட்டியிருந்தால் வருகிற ஆவி முழுவதும் எரிய அங்கே காற்று போதாது. எரியாத கரி மேலே போய்ச் சுவரில் உட்காரும். சுடர் உச்சி கூராக இல்லாமல் சிவந்து ஆடினால் அதுதான் அடையாளம். திரியை உள்ளே தள்ளுங்கள். மின்விசிறிக் காற்று நேராகப் படுகிற இடமானாலும் இதே கதைதான்.

விளக்கெண்ணெய் ஊத்தினா ஏறவே மாட்டேங்குது. நெய்யும் அப்படித்தான். திரி சரியில்லையா?

விளக்கெண்ணெய் சாதாரண சூட்டில் நல்லெண்ணெயைவிட ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. அதே திரியில் அது ஏற நேரம் எடுக்கும். முறுக்கைத் தளர்த்தி, தடிமனை ஒன்றரை மடங்காக்கி, முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் ஒரு பங்கு விளக்கெண்ணெய்க்கு மூன்று பங்கு நல்லெண்ணெய் கலந்துவிடுங்கள். ஐந்து எண்ணெய் கலந்த பஞ்சகூட்டு எண்ணெய் வாங்குகிறவர்களும் விளக்கெண்ணெய் எத்தனை பங்கு என்று கேட்டு, அதற்கேற்பத் திரியின் தடிமனை முடிவு செய்யலாம்.

நெய்யின் சிக்கல் வேறு: அது உறைந்துவிடும். உறைந்த நெய் திரியில் ஏறாது. தேங்காய் எண்ணெயும் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழி விடியற்காலையில் சென்னையிலேயே அதைப் பார்க்கலாம். நெய்க்கு உருக்கிய நெய்யில் தோய்த்த பூத்திரிதான் வழி. சுடரின் சூடு சுற்றியிருக்கிற நெய்யை உருக்கிக்கொண்டே போகும்படி காம்பைக் குட்டையாக வையுங்கள்.

தாமரைத் தண்டு திரி, வாழைத் தண்டு திரி, வெள்ளெருக்குத் திரி... இதெல்லாம் ரொம்ப நேரம் எரியுமா?

வேண்டுதலுக்காகப் போடுகிறீர்கள் என்றால் போடுங்கள், அது உங்கள் நம்பிக்கை. எரிகிற நேரத்தைக் கேட்டால், முதல் பதிலில் சொன்னபடி எரிவது எண்ணெய். திரி எந்தச் செடியிலிருந்து வந்தாலும் சுடரின் அளவு ஒன்றாக இருந்தால் எண்ணெய் தீரும் நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். வாழை நார் நீளமானது, விறைப்பானது, நன்றாகக் காயாவிட்டால் பொரியும். பஞ்சோடு சேர்த்துத் திரித்தால் ஒழுங்காக நிற்கும். வண்ணத் திரி வாங்கினால் மேலே சொன்ன எரித்துப் பார்க்கும் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். மஞ்சள் திரி வேண்டுமானால் வடிகட்டிய மஞ்சள் தண்ணீரில் நனைத்து இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். மஞ்சள் தூளையே தடவினால் இழைகளின் இடைவெளி அடைபடும்.

எண்ணெய்ல ஒரு கல்லு உப்பு போட்டா ரெண்டு மடங்கு நேரம் எரியுமாமே?

உப்பு எண்ணெயில் கரையாது. அடியில் கிடக்கும், அவ்வளவுதான். மட்டத்தைத் துளி உயர்த்தலாம். நம்ம ஊர்க் காற்றில் கல்லுப்பு கசியும், பிறகு பொரிகிறது என்று வருவீர்கள். நேரம் தெரியவேண்டுமா? மருந்து மூடியில் 10 மில்லி அளந்து ஊற்றி, ஏற்றிய நேரத்தையும் மலையேறிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் திரி, உங்கள் எண்ணெய், உங்கள் விளக்கு மூன்றுக்கும் சேர்ந்த கணக்கு ஒரே நாளில் கையில் இருக்கும்.

நேத்து போட்ட திரியையே இன்னிக்கும் ஏத்தலாமா?

கரித்த நுனியைக் கிள்ளிவிட்டு, மீதி வெளுப்பாக இருந்தால் தாராளமாக. வால் பழுப்பேறிப் பிசுபிசுத்தால் மாற்றிவிடுங்கள். கிள்ளிய கரியை விளக்குக்குள்ளேயே போட்டுவிடுகிற பழக்கம்தான் மோசம். அது எண்ணெயில் மிதந்து வந்து மறுபடி திரியின் மேல் ஒட்டும்.

பஜ்ஜி சுட்ட எண்ணெய் மிச்சம் இருக்கு. விளக்குக்கு ஊத்தலாமா?

சாமிக்கு ஊற்றலாமா என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். எரியுமா என்றால் அரைகுறையாக எரியும். பலமுறை காய்ந்த எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கும், மாவுத்துகளும் உப்பும் காய்கறி நீரும் அதில் உண்டு. மல் துணியில் இரண்டு முறை வடிகட்டி, விளக்கெண்ணெய்க்குச் சொன்ன மாதிரித் தளர்வான தடித்த திரி போட்டால் மின்சாரம் போன இரவில் வெளிச்சத்துக்கு ஆகும். வாசனையைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

கார்த்திகைக்கு மாடிச் சுவர் மேல அம்பது அகல் வெக்கறோம். காத்துல பாதி நிக்க மாட்டேங்குது.

கார்த்திகை தீபம் வடகிழக்குப் பருவமழைக்குள்தான் வருகிறது. 2016இல் தீபமும் வர்தா புயலும் ஒரே நாள், டிசம்பர் 12. சாதாரண வருடங்களில் கடற்காற்றைத்தான் சமாளிக்க வேண்டும். திரியைச் சற்றுத் தடித்ததாக வைத்து, நுனியைப் பாசிப்பயறில் பாதி அளவாகக் குறையுங்கள். சுடர் குட்டையாகும், ஆனால் காற்றுக்குச் சட்டென்று விடாது. அகலின் மூக்கு காற்று வருகிற திசைக்கு முதுகு காட்டும்படி, கைப்பிடிச் சுவரின் மேலே வைக்காமல் அதன் உள்பக்கத் தரையோரம் வையுங்கள்.

ஐம்பது அகலுக்கு அறுபது திரி முந்தின இரவே எண்ணெயில் ஊறட்டும். திருவொற்றியூர்க் கோயிலில் கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி ஆதிபுரீசுவரர் லிங்கத்தின் கவசம் திறக்கிற மூன்று நாளும் சன்னதித் தெருவுக்குள் நடக்கவே இடமிருக்காது. அந்தப் பக்கத்துக்காரர்கள் திரியும் அகலும் ஒரு வாரம் முன்னாலேயே வாங்கிவிடுவது நல்லது.

எண்ணெய் வெல ஏறிப்போச்சு. கொஞ்சம் கிருஷ்ணாயில் கலந்தா திரி நல்லா இழுக்குதே?

இழுக்கும், அதுதான் ஆபத்து. மண்ணெண்ணெய் 40 டிகிரி வாக்கிலேயே பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். நல்லெண்ணெய் போன்றவற்றுக்கு அது 300 டிகிரிக்குப் பக்கத்தில். எரிகிற விளக்கின் எண்ணெய் சாதாரணமாகவே 40 டிகிரிக்கு மேல் சூடாகும். அப்போது திரி நுனியில் இருக்கவேண்டிய நெருப்பு முகம் முழுவதும் பரவும். அரிக்கேன் விளக்கில் திரி ஒரு தகரக் குழாய்க்குள் போவதும் டாங்கி மூடியிருப்பதும் இதனால்தான். திறந்த விளக்கில் ஒரு சொட்டும் வேண்டாம். எதனாலோ முழு விளக்கும் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து மூடுங்கள்.

கண்ணாடி டம்ளர்ல பாதி தண்ணி, மேல எண்ணெய், மிதக்கிற திரி. அழகா எரிஞ்சுது, கடைசில மட்டும் டப்டப்னு தெறிச்சுது. ஏன்?

எண்ணெய் தீர்ந்து திரியின் வால் தண்ணீரைத் தொட்டுவிட்டது. பொரிவதற்குச் சொன்ன அதே காரணம். வாலை ஒரு சென்டிமீட்டருக்குமேல் தொங்கவிடாதீர்கள், எண்ணெய் அடுக்கு இரண்டு சென்டிமீட்டர் இருக்கட்டும். வால் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே மேலே எண்ணெய் ஊற்றுங்கள், இல்லையென்றால் குளிரவைத்துவிடுங்கள். மருந்துக் கடைப் பஞ்சில் திரித்த திரியானால் தண்ணீரை இன்னும் வேகமாக இழுக்கும், தெறிப்பும் கூடும். இந்த விளக்குக்காவது நாட்டுப் பஞ்சுதான்.